கொட்டமுத்து அடக்கியவள்

1889ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில், ஒன்பது வயதுப் பழனாத்தாளுக்குக் கோபம் வந்ததில் அவள் அப்பன் வீட்டுக் கிணறு கொதித்தது. கோபத்துக்குக் காரணம் நியாயமானதுதான். அவள் கையால் பால் புகட்டி வளர்த்த ஆட்டுக்குட்டியை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விருந்தாளிகளுக்காக அடித்துவிட்டார்கள். அவள் கத்தவில்லை, மண்ணில் புரளவில்லை. கிணற்று மேட்டில் போய் நின்று உள்ளே பார்த்தாள். எட்டு ஆள் ஆழமுள்ள அந்தக் கிணறு முதலில் முணுமுணுத்தது, அப்புறம் ஆவி விட்டது, அப்புறம் உலைபோலத் தளதளவென்று கொதித்தது. கெண்டை மீன்கள் வெந்து மிதந்தன. தவளைகள் முன்யோசனை உள்ள பிராணிகள், ஆவியைக் கண்டதுமே சுவரேறித் தப்பித்துவிட்டன. மாடு பூட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். விருந்தாளிகள் ஆட்டுக்கறியோடு மீனையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, உப்புத்தான் கொஞ்சம் குறைச்சல் என்றார்கள்.

ஊர் பயந்து நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பக்கத்துச் சம்சாரிகளை அறியாதவர்கள். ஒரு வாரம் பயந்தார்கள். எட்டாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, பழனாத்தாளைப் பார்த்து அவள் பல் கோணல் என்றார். பத்து நிமிஷத்தில் நெல் அவிந்தது. அதிலிருந்து நெல் அவிக்க வேண்டியவர்களெல்லாம் விறகை மிச்சம் பிடிக்க அவளைச் சீண்ட ஆரம்பித்தார்கள். மூக்கு சப்பை என்பார்கள், அப்பன் உன்னைத் தவிட்டுக்கு வாங்கினான் என்பார்கள். அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கிடைத்தது. அவளுக்கோ மூன்று நாள் எழுந்திருக்க முடியாத அசதியும், தலைமுடியில் புகை நாற்றமும்தான் மிச்சம். தன் கோபத்தை யாரோ வந்து வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது அந்த வயதிலேயே அவளுக்குப் புரிந்தது, புரிந்தபோது அதற்கும் கோபம் வந்தது, அதிலும் யாரோ ஒருத்தர் நெல் அவித்துக்கொண்டார்.

பதினாறு வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தவன் குப்பண்ணன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கருமாண்டிப்பதியில் அவனுக்கு நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு, கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற ஓர் ஆலைக்கொட்டாய். பேச்சு குறைவு, பொறுமை அதிகம், எருமை மிதித்தாலும் எருமைக்குக் கால் வலிக்குமே என்று பார்க்கிற ஆள். பெண்ணைப் பற்றி ஊரில் சொன்னதை மறைக்காமல் அவள் அப்பனிடமே கேட்டான்.

"புள்ள கோவிச்சா கெணறு கொதிக்குமாமா?"

"கொதிக்குமுங்க."

"கோவிக்காட்டி?"

"கோவிக்காட்டி தங்கமான புள்ளைங்க."

"அப்பக் கோவிக்கற மாதிரி நடந்துக்காம இருந்தாப் போவுது" என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டான். அவன் சொன்ன சொல் தவறவில்லை. கல்யாணமாகி முதல் ஒன்பது மாதம் கருமாண்டிப்பதிக் கிணறு பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. ஆனால் கோபப்படுத்தப் புருஷன் ஒருவன்தானா இருக்கிறான் வீட்டில்? குப்பண்ணனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். பொங்கியண்ணன் என்று பேர். சொத்தைப் பாகம் பிரித்தபோது மேட்டு நிலம் தனக்கு வந்துவிட்டது, நீர்பாயும் தோட்டம் தம்பிக்குப் போய்விட்டது என்று அவருக்குள் ஓர் எரிச்சல், அது ஆறவே இல்லை.

தை மாதம் ஆலை ஓடும். ஆலை மாடுகள் சுற்ற, இரும்பு உருளைகளுக்கிடையில் கரும்பு நசுங்கிச் சாறு வடியும். ஓர் ஆள் படுக்கக்கூடிய அகலமுள்ள கொப்பரையில் அந்தச் சாற்றை ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையை அடியில் எரித்துப் பாகு காய்ச்சுவார்கள். பாகு பொங்கும். பொங்கி விளிம்பு தாண்டினால் அன்றைய உழைப்பு அடுப்பில் போய்விடும். அதற்காகவே கொப்பரைப் பக்கம் ஒரு சிரட்டையில் கொட்டமுத்து வைத்திருப்பார்கள். ஆமணக்கு விதைக்கு அங்கே அதுதான் பேர். ஒன்றிரண்டை நசுக்கிப் பாகில் போட்டால் எவ்வளவு பெரிய நுரையும் அடங்கிப்போகும். 1897 தை மாதம் பொங்கியண்ணன் ஆலைக்கு வந்து, வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்க, தம்பி பெண்டாட்டி வாசல் கூட்டுகிற லட்சணத்தைப் பற்றிப் பேசினார். பழனாத்தாள் சக்கை சுமந்துகொண்டு நின்றாள். கொப்பரை ஆளுயரம் பொங்கியது. குப்பண்ணன் பதறாமல் கொட்டமுத்தை நசுக்கிப் போட்டான், பத்தாமல் இன்னும் நாலு போட்டான், நுரை விழுந்தது. பாகு தப்பியது. பழனாத்தாள் அந்தச் சிரட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு முத்தை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

இதில் ஒரு தப்பு இருக்கிறது. நுரையை அடக்குவது முத்துக்குள் இருக்கிற எண்ணெய். நசுக்காத முத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது? பாகு காய்ச்சியே பழகினவர்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். ஆனால் வேலை செய்தது. பொங்கியண்ணன் இன்னும் அரைமணி நேரம் பேசினார், கொப்பரை மட்டாகக் கொதித்தது, அவ்வளவுதான். இதில் ஆபத்தும் இருந்தது. கொட்டமுத்தைக் கடித்தால் விஷம். முதல் வாரமே ஆத்திரத்தில் பல்லைக் கடித்ததில் முத்து உடைந்து, மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகப் போய்ச் சாகப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிய குப்பண்ணன், "வேண்டாம் அம்மிணி, உட்டுரு. கெணறு கொதிச்சாக் கொதிச்சுட்டுப் போவுது, வேற கெணறு வெட்டிக்கலாம்" என்றான். அவள் கேட்கவில்லை. எழுந்ததும் இன்னொரு முத்தை எடுத்துக்கொண்டாள். கோபம் வந்தால் எல்லோரும் பல்லைத்தான் கடிப்பார்கள். பழனாத்தாள் பல்லை நெகிழ்த்தப் பழகினாள். தாடையைத் தளர விட்டு, நாக்கைச் சும்மா வைத்து, முத்தைத் துப்பாமலும் கடிக்காமலும் வைத்திருப்பது அவளுக்கு முழுசாகப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று.

கோபம் தீர்ந்து எடுத்தால் முத்து சுடும். தரையில் வைத்தால் சாணம் மெழுகிய இடம் கருகும். அதனால் அவள் ஒவ்வொன்றையும் ஒரு பழைய உப்பு ஜாடியில் போட்டு மூடி வைத்தாள். வருஷங்கள் போயின. 1901இல் பொன்னாத்தாள் பிறந்தாள், ஒரே பிள்ளை. ஜாடி பாதி நிறைந்தது. அது இருந்த மூலை எப்போதும் கதகதப்பாக இருந்ததால் கோழிகள் அதனடியில் அடை உட்கார்ந்தன, மழைக்காலத்தில் குழந்தையின் துணி அங்கே ஒரு நாழிகையில் காய்ந்தது. ஜாடியில் கிடந்ததில் முக்கால்வாசி பொங்கியண்ணனால் வந்தவை என்று பழனாத்தாளே சொல்லியிருக்கிறாள். 1911 ஐப்பசியில் குப்பண்ணன் நாலு நாள் காய்ச்சலில் செத்துப்போனான். அன்றைக்கு அவள் வாயில் முத்து இல்லை, கிணறும் கொதிக்கவில்லை. துக்கத்துக்குத் தண்ணீர் கொதிப்பதில்லை என்பதை ஊர் அன்றுதான் தெரிந்துகொண்டது. நல்ல மனுஷன் போய்விட்டானே என்று அவள் வாய்விட்டு அழுதாள், யாரும் அவளைத் தேற்ற முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பொங்கியண்ணன் ஊர்க்கூட்டம் கூட்டினார். தம்பிக்கு ஆண்வாரிசு இல்லை, ஆகவே தோட்டமும் கிணறும் ஆலையும் பங்காளியான தனக்கு வரவேண்டும் என்றார். வழக்கம் அப்படித்தான் இருந்தது. ஆனால் குப்பண்ணன் சாகும்முன் மணியக்காரரைக் கூப்பிட்டு எல்லாம் மகளுக்கு என்று சொல்லியிருந்தான், அதனால் மணியக்காரர் தலையைச் சொறிந்தார். பழனாத்தாளுக்கு அந்த நாலு ஏக்கரை விட்டால் போக்கிடம் இல்லை. போனால், பத்து வயதுப் பொன்னாத்தாள் பெரியப்பன் வீட்டு மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளித்தான் வளரவேண்டும். அது தாய், மகள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

"தண்ணியக் கொதிக்க வெக்கிறவ கையில கெணறு இருந்தா ஊரு என்னத்துக்கு ஆகும்?" என்றார் பொங்கியண்ணன். "அடக்கமில்லாத பொம்பளைக்குத் தோட்டம் எதுக்குங்க? நான் சொல்றது பொய்யின்னா ஒரு சோதன வெச்சுப் பாத்துரலாம். இவ முன்னால ஒரு கொடம் தண்ணி வெப்போம். காத்தாலயிருந்து பொழுது எறங்கற முட்டும் நான் பேசறன். தண்ணி சுட்டுதுன்னா எல்லாம் எனக்கு."

"சுடாட்டி?" என்று கேட்டாள் பழனாத்தாள்.

"சுடாட்டி உம்பட புள்ளைக்கே இருக்கட்டும். நானே சபையில சொல்லிப்போடறன்."

"அதோட அந்தத் தண்ணிய நீங்க குடிக்கோணுமுங்க மாமா."

சபை சிரித்தது. பொங்கியண்ணனும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆலைக்கொட்டாயில் ஊரே கூடியது. நடுவில் ஒரு செப்புக்குடம். இந்தப் பக்கம் பழனாத்தாள், பக்கத்தில் பொன்னாத்தாள். அந்தப் பக்கம் பொங்கியண்ணன், தொண்டைக்கு இதமாக ஒரு சொம்பு மோரோடு. நாழிகைக்கு ஒரு தரம் குடத்தில் விரல் விட்டுப் பார்த்துச் சொல்ல, யார் பக்கமும் சேராத ஆளாகச் சுருளிவேலை நியமித்தார்கள். அவன் கம்பம் ஊர்க்காரன், பீர்மேட்டுத் தேயிலைக்காட்டில் நாலு வருஷம் இருந்து குளிர் தாங்காமல் இறங்கி வந்து ஆலையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவன். பொங்கியண்ணன் ஆரம்பித்தார். நல்லவிதமாகவே பேசினார், அந்தத் திறமையை மறுப்பதற்கில்லை. அவள் பிறந்த வீட்டில் தொடங்கி, சீர் கொண்டுவந்த லட்சணம், சமையல், நடை, நிறம், பெற்றது ஒரு பொட்டைப்பிள்ளை என்று வரிசையாக வந்தார். பழனாத்தாள் கன்னத்தில் முத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருளிவேல் விரல் விட்டு விட்டு, "பச்சத்தண்ணியாத்தாங்க இருக்கு" என்று சொன்னான். உச்சிப்பொழுது தாண்டியது. பொங்கியண்ணனுக்கு மோர் தீர்ந்தது, வசவும் தீர்ந்துகொண்டு வந்தது. அப்போதுதான் அவர் அவள் கன்னத்தைக் கவனித்தார்.

"வாயில என்ன வெச்சிருக்கறா? அதத் துப்பச் சொல்லுங்க. மருந்து வெச்சு ஏமாத்தறா."

மணியக்காரர் யோசித்தார். முத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் பேச்சே இல்லை. ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று துப்பச் சொல்லிவிட்டார். பதினாலு வருஷமாக முத்தில்லாமல் பழனாத்தாள் ஒரு வசவும் கேட்டதில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு முத்தை எடுத்துக் குடத்தின் பக்கத்தில் வைத்தாள். பொங்கியண்ணன் அதைச் சும்மா விடவில்லை. மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள் என்று, தன் மேல்துண்டில் துடைத்து, தன் மடியில் செருகி முடிந்துகொண்டார். ஊரில் அத்தனை பேரும் பார்க்கத்தான் இதைச் செய்தார்.

அப்புறம் அவர் மிச்சம் வைத்திருந்த ஒரே பேச்சை எடுத்தார். "எந்தம்பி காச்சல்ல சாவுல. இவகூட வாழ்ந்து உள்ளுக்குள்ளயே வெந்து செத்தான். புருசன அவிச்சுத் தின்னவ இவ" என்றார்.

குடத்து நீரில் அடியிலிருந்து ஒரு குமிழி எழுந்து மேலே வந்து உடைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். சுருளிவேல் விரலை விடப் பயந்துகொண்டு நின்றான். பழனாத்தாளுக்கு அதுவரை வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. கிணறு என்ன, பரம்பிக்குளம் மலைக்காட்டு ஓடைகள் எல்லாம் கொதித்திருக்கும். கஞ்சி ஊட்டிய அந்தக் கை அவளுக்கு ஞாபகம் வந்தது. தாடை இறுகப் போனது, பல் பல்லைத் தொட்டது. தொட்ட இடத்தில் நிறுத்தினாள். பதினாலு வருஷம் முத்து கிடந்த கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. நாக்கு நுனியால் அந்த வெறும் குழியைத் தொட்டுக்கொண்டு, முத்து அங்கேயே இருக்கிற மாதிரி, கடிக்காமலும் துப்பாமலும் தாடையைத் தளர விட்டாள். இரண்டாவது குமிழி வரவில்லை.

அவள் கோபத்துக்குப் போகிற இடம் ஒன்றுதான் தெரியும், அது அந்த முத்துக்குள். முத்து எங்கே இருந்தது என்று சொல்லியாயிற்று. பொங்கியண்ணன் இன்னும் ஏதோ பேச வாயைத் திறந்தவர், பேசாமல் இடுப்பைத் தடவினார். கொஞ்சம் நெளிந்தார். மடியிலிருந்து புகை வந்தது. "ஐயோ ஆத்தா" என்று எழுந்து ஆலைக்கொட்டாயை மூன்று சுற்று ஓடினார், வேட்டியில் உள்ளங்கையளவு ஓட்டை விழுந்தது, முத்து தெறித்துக் கீழே உருண்டு நெருப்புத்துண்டு மாதிரி கிடந்தது. பொழுது இறங்க இன்னும் ஒரு நாழிகை இருந்தது. பேச்சை நிறுத்தியது அவர்தான். சுருளிவேல் குடத்தில் விரலை விட்டான், உடனே வெளியே இழுத்துக்கொண்டான்.

"சுடுதா?" என்றார் மணியக்காரர்.

"இல்லங்கய்யா, வெறைக்கி. இந்தா பாருங்க, மேல ஏடு கட்டிக் கெடக்கு. பீருமேட்டுல மார்கழி விடியக்கால புல்லுமேல இப்பிடித்தான் கெடக்கும்."

குடத்திலிருந்த சூடு முழுக்க முத்துக்குள் போயிருந்தது. கருமாண்டிப்பதிக்காரர்கள் பனிக்கட்டி கண்டது அன்றுதான். வரிசையில் வந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சொம்பு தண்ணீரைப் பொங்கியண்ணன் கையில் கொடுத்தார்கள், அவர் குடித்தார், பல் கூசியது, தோட்டமும் கிணறும் ஆலையும் பொன்னாத்தாளுக்கு என்று சபையில் தந்தியடிக்கிற பல்லோடு சொன்னார். பழனாத்தாள் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். எழுந்து போகும்போது இடுக்கியால் அந்த முத்தை எடுத்துக்கொண்டு போய், ஜாடியில் எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டு மூடினாள்.

அதன்பின் ஆலையை அவளே நடத்தினாள். பாகு பதம் பார்க்கிற கரண்டியை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெண் பிடித்தது அதுதான் முதல், அவள் ஆலை வெல்லம் நன்றாகவே இருந்ததால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. 1924 ஆடியில் பேய்மழை பெய்தது. பத்து நாள் விடாமல் பெய்து, ஊர்க் கரும்பெல்லாம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த கரும்பை உடனே ஆட்டாவிட்டால் புளித்துவிடும். ஆட்டலாம், மாடு இருக்கிறது. காய்ச்ச என்ன இருக்கிறது? விறகு வெள்ளத்தோடு போயிற்று, அடுக்கி வைத்திருந்த சக்கைப்போரைப் பிழிந்தால் நீர் சொட்டியது. நாற்பது குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பு வயலில் கிடந்து அழுகப் பார்த்தது. பழனாத்தாள் உப்பு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆலைக்கு வந்தாள். கொப்பரையின் கீழே, ஈர அடுப்பில், ஒரு முத்தைப் போட்டாள். சாறு கொதித்தது. ஒரு கொப்பரைக்கு ஒரு முத்து என்று பன்னிரண்டு நாள், புகையில்லாமல், சாம்பலில்லாமல், ஊர்க் கரும்பு முழுக்க வெல்லமாயிற்று. பொன்னாத்தாளும் சுருளிவேலும் மாற்றி மாற்றி மாடு ஓட்டினார்கள். பெண்கள் அச்சில் ஊற்றிப் பாட்டுப் பாடினார்கள், ஆலையில் திருவிழாக் கூட்டம்.

கடைசியாக வந்தவை பொங்கியண்ணனின் வண்டிகள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு நின்றார், வயசாகிவிட்டது, நனைந்திருந்தார். ஜாடியில் ஒரே ஒரு முத்துதான் மிச்சமிருந்தது. அது எந்த முத்து என்று அவருக்கும் தெரிந்தது, இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"உள்ள ஓட்டிட்டு வரச் சொல்லுங்க மாமா" என்றாள் பழனாத்தாள். "நீங்க குடுத்ததுதான். உங்களுக்கே எடுத்து வெச்சிருக்கறனுங்க."

மற்ற முத்துகள் ஆளுக்கொரு கொப்பரை கொதித்து அடங்கின. அந்த ஒரு முத்து பொங்கியண்ணனின் ஏழு வண்டிக் கரும்பையும் காய்ச்சி முடித்து, அதன்பின்னும் இரண்டு நாள் சூடாக இருந்தது. அவர் பேசிய பேச்சு அத்தனை. வெல்லம் கசக்குமோ என்று அவரே முதல் அச்சை உடைத்து வாயில் போட்டுப் பார்த்தார். மென்றார், கண்ணில் தண்ணீர் வந்தது. "நல்லாத்தான் இருக்குது அம்மிணி" என்றார்.

கொட்டமுத்து அடக்குவது என்ற பேச்சு அந்த வருஷத்திலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் இரண்டு பேர் கைகலக்கப் போனால் மூன்றாமவர், "செத்த நேரம் கொட்டமுத்த அடக்குங்க" என்பார். கோபத்தை விழுங்கச் சொல்வதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கடித்து விழுங்கினால் கொட்டமுத்து ஆளைக் கொன்றுவிடும், உள்ளூரில் யாரும் அந்தத் தப்பைச் செய்வதில்லை. உதவுகிற நாளுக்கு எடுத்து வை என்றுதான் அங்கே அர்த்தம். சுருளிவேல் பிற்பாடு திரும்பப் பீர்மேட்டுக்கே போனான், பேச்சும் அவனோடு மலையேறியது. அங்கே தேயிலைக்காட்டுக் கூலிக்காரர்களின் லயன் வீடுகளில் இருக்கிற பெண்கள் ஆமணக்குச் செடியையே பார்த்திராதவர்கள், ஆனாலும் கங்காணி கத்தும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "அடக்குடி கொட்டமுத்த" என்று முணுமுணுத்துக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறார்கள். 1936இல் பழனாத்தாள் காலமானாள். நாலு ஏக்கரும் ஆலையும் பொன்னாத்தாள் கையில் இருக்கின்றன. ஆலை மூலையில் இப்போது மூன்று ஜாடிகள், ஒன்று பொன்னாத்தாளுடையது, மற்ற இரண்டும் ஊர்ப் பெண்கள் கொண்டுவந்து போடுவதற்கு. அடைமழை வந்தால் அந்த ஊரில் யாரும் விறகைத் தேடி அலைவதில்லை.